சொல்லாமல் விட்ட கட்டி

அத்தியாயம் 9

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, கொல்லைத் துவைகல்லில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவுதான். தொட்டால் சுட்டது. நான் மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்து, அது சிவந்து வந்ததும் மோதிர விரலால் எடுத்து அதன் மேல் தடவினேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுவோமா?" என்று கேட்டேன்.

"முட்டிக்கு ஆபரேஷன் பண்றவருக்கு முதுகுல என்ன வேலை? இதைச் சொன்னா தேதியைத் தள்ளிடுவாங்க. மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சு. நாத்து பறிக்கிறதுக்குள்ள நான் வரப்புல நடக்கணும்."

அவர் கைக்கு எட்டாத இடம். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு உலை வைக்கப் போனேன். ராத்திரி கத்தரிக்காய் வதக்கல் உப்புக் கம்மி என்றார். எங்கள் வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிப் பேச்சு அது.

மற்றதை முந்தைய வாரங்களில் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் நாகநாதனுக்கு முட்டி மாற்றிய ஒன்பதாம் நாள் தையலில் நீர் கசிந்தது. சீழை எடுத்துச் சோதித்தார்கள். நம் எல்லோர் தோலிலும் மூக்கிலும் சும்மா கிடக்கிற கிருமிதானாம், ஆனால் வழக்கமான மருந்துக்கு அடங்காத வகையாம். மூன்று முறை திறந்து கழுவினார்கள். வைத்த உலோகத்தையே எடுத்துப் போட்டார்கள். எண்பத்து மூன்றாம் நாள் அவர் போனார். பதினான்கு மாதம் ஆகிறது.

அந்தக் கட்டியிலிருந்துதான் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதிலிருந்து வரவில்லை என்றும் சொல்லவில்லை.

இப்போது அவருடைய தம்பி ரெத்தினத்துக்கு இடுப்பு. மூட்டுக்குள் இருக்கிற பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு பட்டுப்போய்விட்டது. மாற்றியே ஆக வேண்டும். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு என்று நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து மகன் பரணிதரன் மூன்று வார லீவில் வந்திருந்தான். பெரிய ஆஸ்பத்திரி விவரமெல்லாம் தெரிந்தவள் என்று என்னையும் கூட வரச் சொன்னார்கள். தெரிந்துகொண்ட விதத்தை யாரும் பேசவில்லை. நான் வேலை பார்க்கிற அஞ்சலகத்தில் இரண்டு நாள் லீவு போட்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குக் கார் வந்தது.

பரணி முன் சீட்டைப் பின்னால் சாய்த்து, தலையணை வைத்து, அவன் அப்பாவை ஏற்றினான். தம்பி வலது கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். இடது கையை உடம்பை விட்டு நாலு விரற்கடை தள்ளியே வைத்திருந்தார், ஈரத் துணியை இடுக்கிக்கொண்டவர் மாதிரி.

நாகம்மாள் கட்டைப் பையோடு என் பக்கத்தில் ஏறினாள். என் ஓரகத்தி. இருபத்தேழு வருஷமாக ஒரே கூரையின் கீழ், நடுவில் ஒரு சுவரை வைத்துக்கொண்டு இருக்கிறோம். அவள் கையை மடியில் வைத்தபோது பார்த்தேன். மோதிர விரல் நகக்கண் வரை சிவந்திருந்தது.

"என்ன நாகு, விரல் செவந்திருக்கு?"

"திருஷ்டி சுத்துனேன்க்கா. ஆலம் கரைச்சேன்ல."

ஆலம் சுற்றினால் அந்தத் தண்ணீரை வாசலில் கொட்டுவோம். கார் நகரும்போது திரும்பிப் பார்த்தேன். வாசல் காய்ந்து கிடந்தது. மாக்கோலம் வெள்ளையாக, ஒரு சொட்டு சிவப்பில்லாமல் இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் பழகிப்போன வேலை.

ஒரத்தநாடு ரோட்டில் குறுவை நெல்லைப் பாதி ரோட்டுக்குக் காயப்போட்டிருந்தார்கள். டிரைவர் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினான்.

"தம்பி, பாத்து," என்றார் ரெத்தினம். "நெல்லு மேல ஏத்திட்டீன்னா டாக்டருக்கு வேலையே வைக்காம இவனுங்களே என் இடுப்பக் கழட்டிடுவானுங்க."

"அப்பா, பேசாம வாங்க. ஆடுனா வலிக்கும்," என்றான் பரணி.

"பேசுனாதான்டா வலி தெரியல."

புது ஆற்றுப் பாலத்தில் கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ரெத்தினம் "அம்மா" என்றார். அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கம். ஒரு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் அறை கொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் ஒரு நர்ஸ் வந்தது. முப்பது வயசு இருக்கும். தமிழ்நிலா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது. ஆபரேஷன் பண்ணுகிற இடத்தில் கிருமி சேராமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்றது. கையில் ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து பாட்டில்.

"இன்னைக்கு சாயங்காலம் ஒரு தடவை, நாளைக்குக் காலையில ஒரு தடவை, தலையிலேர்ந்து கால் வரைக்கும் இதப் போட்டுக் குளிக்கணும் ஐயா. அப்புறம் பவுடர், எண்ணெய் எதுவும் வேணாம். முடி எடுக்கணும்னா நாங்க மெஷின்ல எடுப்போம். நீங்களா பிளேடு போடக் கூடாது. தோல் கீறிடும், அதுவே கிருமிக்கு வாசலாயிடும்."

"சரிம்மா."

"ஆபரேஷன் முடிஞ்சு பாக்க வர்றவங்க ஒரு நேரத்துல ரெண்டு பேர்தான். கட்டில்ல உக்காரக் கூடாது. கட்டு மேல திருநீறு பூசக் கூடாது. உள்ள வரும்போதும் போகும்போதும் சுவத்துல இருக்குற மருந்தக் கையில தேய்ச்சுக்கணும்."

"ரெண்டு பேரா? எங்க ஊர்ல வேன் புடிச்சு வருவாங்கம்மா. வரலேன்னா அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாங்க போவ மாட்டோம்னு பயம்."

"வேனக் கீழ நிறுத்தி வையுங்க. நான் ஜன்னல்லேர்ந்து கையசைக்கிறேன்."

தம்பி சிரித்தார். பரணியும் சிரித்தான். நாகம்மாள் மட்டும் பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் ஒரு தாளை எடுத்தது. "சில கேள்வி கேக்கணும். காய்ச்சல் உண்டா? பல்லுல வலி, வீக்கம்? யூரின் போகும்போது எரிச்சல்?"

"இல்ல, இல்ல, இல்ல," என்றாள் நாகம்மாள். கேள்வி அவளைக் கேட்ட மாதிரி.

"உடம்புல எங்கயாவது கட்டி, புண்ணு, சீழ்?"

"ஒண்ணும் இல்லீங்க."

தம்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"வீட்டுல யாருக்காவது மருந்துக்குக் கேக்காத கிருமி வந்து ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்களா? எம்.ஆர்.எஸ்.ஏ.ன்னு எழுதியிருப்பாங்க. அப்படி இருந்தா மூக்குல துடைச்சு முதல்ல டெஸ்ட் பண்ணிடுவோம்."

"எங்க வீட்டுலயா? அதெல்லாம் இல்லீங்க."

நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க?" என்றது.

"அண்ணி," என்றார் தம்பி. "எங்க அண்ணன் சம்சாரம்."

"அண்ணன் வரலையா ஐயா?"

"தவறிட்டாரும்மா. போன வருஷம்."

"ஐயோ. என்ன உடம்புக்கு?"

"சுகரு," என்றாள் நாகம்மாள்.

அந்த வார்த்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். காரியத்தன்று பாதி இலை தொடாமல் கிடந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதம் அஞ்சலகத்துக்கு வருகிறவர்கள் நான் நீட்டிய பேனாவை வாங்காமல் தங்கள் பையிலிருந்து பேனா எடுத்தார்கள். ஒருநாள் சலித்துப்போய், "கிருமியெல்லாம் இல்ல, சுகர்தான் முத்திடுச்சு" என்று சொன்னேன். நாலு நாளில் ஊர் முழுக்க அதுவே ஆனது. எங்களுக்கும் அதுவே வசதியாக இருந்தது. சர்க்கரையைப் பார்த்து யாரும் ஒதுங்குவதில்லை.

நர்ஸ் தாளில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போனது. பரணி மருந்து வாங்கக் கீழே இறங்கினான். நாகம்மாள் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

குடிதண்ணீர்க் குழாய் மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தது.

"எங்க இருக்கு நாகு?"

"எதுக்கா?"

"கட்டி."

அவள் பாட்டிலைக் குழாயடியில் பிடித்தபடியே நின்றாள். நிறைந்து வழிந்தது. நான்தான் குழாயை மூடினேன்.

"கக்கத்துல," என்றாள். "நாலு நாளா. நேத்து உடைஞ்சு கொஞ்சம் வந்துச்சு. இன்னைக்குப் பரவால்ல. ஆபரேஷன் இடுப்புல தானக்கா? கக்கத்துக்கும் இடுப்புக்கும் எவ்வளவு தூரம்?"

"ரத்தத்துக்குத் தூரம் கிடையாது."

"படிச்சவங்க மாதிரி பேசாதீங்க."

"படிச்சுத் தெரிஞ்சுக்கலடி. எண்பத்து மூணு நாள் ஒரு ஸ்டூல்ல உக்காந்து தெரிஞ்சுக்கிட்டேன்."

அவள் குரல் தாழ்ந்தது. "அக்கா, உங்களைக் கும்புடுறேன். பரணிக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் லீவு. அடுத்த லீவு எப்பன்னு அவனுக்கே தெரியாது. அவன் போயிட்டா இந்த மனுஷன யார் தூக்கி உக்கார வைப்பா? நானா? எனக்கே முதுகு போச்சு. ராத்திரி மூணு தடவை எழுப்புவாரு, பாத்ரூம் போவணும்னு. ஒரு வருஷமா நான் முழுசாத் தூங்கல. உங்களுக்குக் கேக்குந்தானே?"

"கேக்குது."

"அப்புறம் என்ன? நாளைக்குக் காலையில முடிஞ்சிடும்க்கா. சாயங்காலம் நடக்க வச்சுடுவாங்களாம்."

"சொல்லிடு நாகு. நீயே சொல்லிட்டா நல்லது."

"நீங்க சொன்னீங்களா?"

நான் மூடியிருந்த குழாயை இன்னொரு தரம் இறுக்கினேன்.

"பெரிய மாமா முதுகுல நீங்க மருந்து வச்சப்ப நான் கொல்லையில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். பாத்தேன். நீங்க சொன்னீங்களா, டாக்டர்கிட்ட? உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

இத்தனை மாதமாக அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவளை நான் கும்பிட வேண்டும். அப்போது தோன்றவில்லை.

"சொல்லல," என்றேன். "நான் சொல்லலடி."

"அப்ப இதையும் விடுங்க."

"விட முடியாது."

"சொன்னீங்கன்னா இதோட நமக்குள்ள ஒண்ணும் இல்ல. நல்லது கெட்டதுக்குக்கூட என் பக்கம் வராதீங்க."

பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அவள் நடந்த இடமெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.

நான் நேரே நர்ஸிடம் போகவில்லை. அறைக்குப் போனேன். வைத்தியம் அவருக்கு. அவர் காதில் போடாமல் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். தைரியமும் போதவில்லை.

தம்பி தனியாகப் படுத்திருந்தார்.

"தம்பி, இடது கையத் தூக்குங்க."

"எதுக்கு அண்ணி? ஓட்டுப் போடவா?"

"விளையாடாதீங்க."

சிரிப்பை நிறுத்திவிட்டார். கையைத் தூக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"அண்ணி, நான் படுத்துத் தூங்கி பதினோரு மாசம் ஆவுது. உக்காந்துக்கிட்டே கண்ணசருவேன். வயலுக்குப் போயி எட்டு மாசம். நடவு எப்படி இருக்குன்னு பரணி போன்ல படம் எடுத்து வந்து காட்டுறான். என் வயல நான் படத்துல பாக்குறேன். நாளைக்கு ஏழரை மணின்னு சொன்னதுலேர்ந்து மணிக்கணக்குப் பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் இருபது மணி நேரம்."

"தெரியும் தம்பி."

"சொன்னா தள்ளிடுவாங்களா?"

"தள்ளிடுவாங்க."

"சொல்லலேன்னா? அண்ணனுக்கு ஆன மாதிரி ஆயிடுமா?"

ஆகும் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியாது," என்றேன். "ஆகாமலும் போகலாம். அவருக்கு ஏன் ஆச்சுன்னே எனக்குத் தெரியல. அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்ப தெரிஞ்சிருக்கும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணி. என்னால முடியாது. வலி." பிறகு, "நீங்க சொல்றதுன்னா நான் தடுக்க மாட்டேன்," என்றார். "நாகு வர்றதுக்குள்ள போங்க."

வராந்தாக் கடைசியில் நர்ஸ்களின் மேஜை. பதினைந்து அடி இருக்கும். தமிழ்நிலா போனில் பேசிக்கொண்டிருந்தது. முடிக்கும் வரை நின்றேன். என் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்ததை அது கவனித்திருக்க வேண்டும். போனை வைத்ததும், "உக்காருங்கம்மா," என்றது.

"முன்னூத்திப் பன்னிரண்டாம் ரூமு. நீங்க எழுதுன 'இல்லை'யில ரெண்டு தப்பு," என்றேன்.

எழுந்துகொண்டது.

"அவருக்குக் கக்கத்துல கட்டி இருக்கு. நேத்து சீழ் வந்திருக்கு. அப்புறம், என் வீட்டுக்காரர் சுகர்ல போவல."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அதுவே கேட்டு வாங்கியது. திட்டவில்லை. 'ஏன் முன்னாடியே சொல்லல' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

பத்து நிமிஷத்தில் டாக்டர் வந்தார். தம்பி கையைத் தூக்கினார். சிவப்பாகத் தடவியிருந்ததைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். நெல்லிக்காய் அளவு, நடுவில் வெள்ளையாக வாய் திறந்து. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு வேணாம்," என்றார்.

"சார், கட்டிதானே சார்?" என்றான் பரணி. மருந்துப் பையோடு அப்போதுதான் வந்திருந்தான். "உடைச்சு விட்டுட்டு நாளைக்கே பண்ண முடியாதா?"

"இப்ப உடைச்சு விடத்தான் போறோம் தம்பி. ஆனா நான் உள்ள வைக்கப் போறது உலோகம். அதுல போயி கிருமி ஒட்டுச்சுன்னா மாத்திரையும் ஊசியும் அதுக்கு மேல லேசுல வேலை செய்யாது. திறந்து எடுக்கணும். அந்தக் கஷ்டத்தை உங்க வீட்டுல ஏற்கனவே பாத்துட்டாங்கன்னு சொல்றாங்க. இது ஆறட்டும். என்ன கிருமின்னு தெரியட்டும். அடங்காத வகைன்னா, ஆபரேஷன் அன்னைக்குக் கொடுக்கிற ஊசியையே மாத்திக் கொடுப்பேன். தெரிஞ்சா வழி இருக்கு."

"எவ்வளவு நாள் சார்?"

"ஆறு வாரம்னு வச்சுக்குங்க."

பரணி தலையை ஆட்டினான். வராந்தாவுக்குப் போய் ஜன்னல் பக்கம் நின்று போனைக் காதில் வைத்தான். அவன் சூப்பர்வைசரோடு பேசியது அரைகுறையாகக் கேட்டது. 'நோ', 'ஓகே', 'ஓகே சார்'. திரும்பி வந்தவன் என்னிடம் சொன்னான்.

"பெரியம்மா, கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"ஆமாப்பா," என்றேன்.

நாகம்மாள் கட்டில் அடியிலிருந்து பையை இழுத்து, காலையில் அடுக்கியதையெல்லாம் மறுபடி அடுக்கத் தொடங்கினாள். தட்டு, டம்ளர், புதுக் கைலி இரண்டு. என் காலருகே இருந்த பிளாஸ்க்கை மட்டும் எடுக்கவில்லை. அது அவளுடையது.

கட்டியைக் கீறிச் சீழை ஒரு சின்னக் குழாயில் எடுத்து அனுப்பினார்கள். கட்டுப்போடும் நேரத்தில் தமிழ்நிலா என்னை மட்டும் பக்கத்து அறைக்கு அழைத்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு வீட்டுல கட்டு மாத்துனது யாரும்மா?"

"நான்தான். நடுவுல மூணு வாரம் வீட்டுல வச்சிருந்தோம்."

"கையுறை போட்டீங்களா?"

"ஆரம்பத்துல இல்ல. தெரியல."

"இப்ப ரெண்டு வீட்டுக்கும் பொதுவா என்ன இருக்கு?"

யோசித்தேன். "கொல்லையில குளிக்கிற இடம். சோப்பு. துணி காயப்போடுற கொடி. தம்பி சமயத்துல என் வீட்டுத் துண்டைத்தான் எடுத்துத் துவட்டிக்குவாரு."

அது பஞ்சு சுற்றிய ஒரு நீளக் குச்சியை எடுத்தது. "எல்லாரையும் டெஸ்ட் பண்ணணும். உங்களை முதல்ல பண்றேன். அண்ணாந்து பாருங்க. கூசும்."

இரண்டு மூக்கிலும் சுழற்றி எடுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்கிட்டேர்ந்துதான் தம்பிக்கு வந்திருக்குமா?"

"அது யாராலயும் சொல்ல முடியாதும்மா. உங்ககிட்ட இருந்தாலும் அது உங்க தப்பு இல்ல. உங்களை ஒண்ணும் பண்ணாம மூக்குல சும்மா உக்காந்திருக்கும். நூத்துல சில பேருக்கு இருக்கும், எங்களுக்கே இருக்கும். எங்களையும் டெஸ்ட் பண்ணுவாங்க. இருந்தா அஞ்சு நாள் மருந்து. போகலேன்னா மறுபடி அஞ்சு நாள்."

"அப்பவும் போகலேன்னா?"

"அப்பவும் கையக் கழுவிக்கிட்டு, காயத்தை மூடி வச்சுக்கிட்டு, எல்லாரையும் போல இருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் இருக்காங்க." குச்சியைக் குழாயில் போட்டு மூடி என் பேரை எழுதியது. "திங்கக்கிழமை போன் பண்றேன்."

நாகம்மாளும் பரணியும் அப்புறம் வந்து மூக்கைக் காட்டினார்கள். அவள் நான் இருந்த பக்கம் திரும்பவில்லை.

ஊருக்குத் திரும்பி வரும்போது பேசியது தம்பி மட்டும்தான். "இந்தப் பள்ளத்தை எவனும் மூட மாட்டானா?" என்று பாலத்தில் ஒரு முறை. வீட்டுக்கு வந்து அவரை இறக்கினோம். 'இறக்கினோம்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். பரணியும் டிரைவரும் இறக்கினார்கள். நான் கையை நீட்டினேன், நாகம்மாள் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பரணி என் பக்கம் வந்து வாசல்படியில் நின்றான்.

"பெரியம்மா, அந்த நர்ஸ் உங்ககிட்ட ஏதோ விவரமெல்லாம் சொல்லிச்சாமே. அம்மாவுக்குத் தெரியணுமாம்."

"உள்ள வாப்பா."

"இல்ல, அம்மா அங்க நிக்குது."

எட்டிப் பார்த்தேன். நாகம்மாள் அவள் வீட்டு நிலையில் சாய்ந்து, தெருவைப் பார்த்து நின்றாள். நானும் வெளியே வந்து என் நிலையில் நின்றேன். எங்களுக்கு நடுவில் எட்டடி. பரணி அந்த எட்டடியில்.

"கட்டை தினமும் மாத்தணும். மாத்துறதுக்கு முன்னாடியும் அப்புறமும் சோப்புப் போட்டுக் கையக் கழுவணும்னு சொல்லுப்பா," என்றேன். "எடுத்த பஞ்சைக் கொல்லையில வீசக் கூடாது. பையில கட்டிப் போடணும்."

அவன் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பாவம், திரும்பிச் சொன்னான். "கேட்டியாம்மா?"

"உம்."

"துண்டு, சோப்பு, சவரக் கத்தி ஆளுக்கு ஒண்ணு. போர்வை, தலையணை உறையெல்லாம் சுடுதண்ணியில துவைச்சு வெயில்ல போடணும். திங்கக்கிழமை கிருமி இருக்குன்னு வந்தா, அந்த ரோஸ் மருந்துல அஞ்சு நாள் குளிக்கணும். மூக்குல தடவுற களிம்பு காலையில, சாயங்காலம். கட்டியை யாரும் அமுக்கக் கூடாது, வீட்டு மருந்து எதுவும் வைக்கக் கூடாது."

நாகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு தெருவைப் பார்த்தே, "பரணி, மூக்குல போடுற அந்தக் களிம்பு எரியுமான்னு கேளு. அவருக்குத் தும்முனா இடுப்புல உசுரு போவும்," என்றாள்.

"லேசா கூசும், எரியாதுன்னு சொல்லுப்பா. குளிக்கிற இடத்துக்கு இனிமே நான் கடைசியா வர்றேன்னும் சொல்லு. திங்கக்கிழமை ரிசல்ட் வர்ற வரைக்கும்."

அதை அவன் திருப்பிச் சொல்லவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

பரணி என் பக்கம் திரும்பினான். "டிக்கெட் பதினொண்ணாந் தேதி பெரியம்மா," என்றான். "நான் போனப்புறம் அப்பாவைத் தூக்க ஆள் பாக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன்," என்று வாய் வரை வந்தது. திங்கட்கிழமைக்கு முன் அதை எப்படிச் சொல்ல?

"விசாரிக்கிறேன்பா," என்றேன்.

அவன் போனதும் கதவைச் சாத்தி, கையைக் கழுவினேன். முழங்கை வரை, நகக்கண் வரை, ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த மாதிரி. எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் கழுவினேன்.

ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி ஒருக்களித்துப் படுக்கப் பார்த்தார். நேற்று கேட்ட அதே சத்தம்தான் கேட்டது.